தேசியப் பட்டியலில் வந்த மிட்வைஃப்

அன்புள்ள மதினிக்கு,

இடது கைச் சின்ன விரலில் பூசிய ஊதா மருந்து இன்னும் போகவில்லை. எலுமிச்சங்காய் தேய்த்துப் பார்த்தேன், மண்ணெண்ணெய் தொட்டுப் பார்த்தேன், அசைய மாட்டேன் என்கிறது. இன்று காலை ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பிள்ளை, டேப் பிடித்த என் கையைப் பார்த்துவிட்டு, "என்னங்கக்கா, எலெக்‌ஷன் வச்சாங்களா? எங்களுக்கு ஒண்ணும் சொல்லலையே" என்றது. "வச்சாங்க, ஆனா இரத்தோட்டையில எங்க வீட்ல மட்டுந்தான்" என்றேன். அந்தப் பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தது. இவளிடம் துணியைக் கொடுக்கலாமா, திருப்பி வாங்கிக்கொண்டு போகலாமா என்று யோசித்தது முகத்திலேயே தெரிந்தது.

சிரிப்பு தாங்கவில்லை எனக்கு. உங்களை விட்டால் அதை வேறு யாரிடம் சொல்வது? அதனால்தான் மிஷினை நிறுத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளையையும் உட்காரவைத்து நம் விளையாட்டுக்கு ஒரு தாள் எழுதி வாங்கியிருப்பீர்கள். அமெரிக்காவில் வருஷா வருஷம் கொடுக்கிறார்களே, தங்கச் சிலை, அந்தப் பெரிய சினிமா விருது. அதை யார் வாங்குகிறார்கள் என்பது பற்றி நமக்கு அக்கறையே கிடையாது. ஜனவரியில் ஒரு நாள், நமக்குப் பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரத்தில், போட்டிக்குத் தெரிவான பெயர்களை வாசிப்பார்கள். அந்தப் பெயர்களை முன்கூட்டியே சொல்வதுதான் நம் விளையாட்டு. "அஞ்சு பேர்ல ஒருத்தருக்குப் பரிசுன்னு யாரும் சொல்லிருவாங்க. கூட்டத்துக்குள்ள இருந்து அந்த அஞ்சு பேரைப் பொறுக்கி எடுக்கிறதுதான் கெட்டித்தனம்" என்பீர்கள்.

அண்ணனைக் கட்டி மேல் தேயிலைத் தோட்டத்திலிருந்து நீங்கள் இறங்கி வந்தபோது நமக்குள் பேசிக்கொள்ள ஒன்றுமே இல்லை. உங்களுக்குப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட கதை தெரியும், எனக்குக் காஜா எடுக்கிற கதை தெரியும். ஒரே வயது, ஒரே வீடு, நாள் முழுக்க "சாப்டீங்களா", "சாப்டேன்". அப்புறம் ஒரு நாள் என் போனில் ஏதோ ஒரு இங்கிலீஷ் படத்தின் ட்ரெய்லர் ஓடியது. எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பொம்பளைக்கு ஏதாவது குடுப்பாங்க பாரு" என்றீர்கள். "குடுக்கவே மாட்டாங்க" என்றேன். படத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மறுத்துப் பேசாவிட்டால் நாத்தனார் என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள்? அன்று பிடித்த சண்டையை நாம் விடவே இல்லை. அந்தச் சண்டையில்தான் நாம் சிநேகிதிகளானோம்.

அந்தப் படங்கள் ஒன்றுகூட நம் பக்கம் வந்ததில்லை. ட்ரெய்லரை வைத்தே எல்லாம். அந்த நடிகர்களின் பெயர்கள் நம் வாயில் நுழையவும் இல்லை. அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்தீர்கள். விறைப்பாக நடப்பவர் கங்காணி. எப்போது பார்த்தாலும் கடுகடுவென்று எதையோ யோசித்துக்கொண்டிருப்பவர் கணக்கப்பிள்ளை. ஒரு நடிகைக்குச் சுருட்டைத்தலை, இன்னொருத்திக்குக் கோபக்காரி. இன்றைக்கும் அவர்களுடைய நிஜப் பெயரைக் கேட்டால் எனக்கு யார் என்றே தெரியாது. கணக்கப்பிள்ளை என்றால் தெரியும்.

விளையாட்டைத் தேர்தலாக்கியதும் நீங்கள்தான். பக்கத்து வீட்டுப் பரீனா ராத்தா தேர்தல் ஆணையாளர். காரணம், அவர் ஒரு படமும் பார்ப்பதில்லை, ஆகவே பக்கம் சாய மாட்டார். மேரி பிஸ்கட் டின் வாக்குப் பெட்டி. தாளை மடித்துப் போட்டதும், பிள்ளைகளின் வாய்ப்புண்ணுக்கு வாங்கிய ஊதா மருந்தை ராத்தா நம் சின்ன விரலில் பூசுவார். வாசலில் கராம்பு காய்கிற காலம் அது, ராத்தாவின் கையில் எப்போதும் அந்த வாசனை அடிக்கும். "போட்டது போட்டதுதான் புள்ள, இனி மாத்த ஏலாது" என்று அவர் சொல்லும்போது எனக்கு உடனே ஏதாவது ஒரு பெயரை மாற்ற வேண்டும் போல இருக்கும்.

தேசியப் பட்டியலைக் கொண்டுவந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? நம் நாட்டுத் தேர்தலில் மாவட்டத்தில் தோற்ற ஒரு ஆள் தேசியப் பட்டியல் வழியாகப் பாராளுமன்றத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். செய்தியைப் பார்த்த நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றீர்கள். "தோத்தவருக்கே உள்ள போக வழி இருக்கு, எனக்கு ஒரு வழி இல்லையா?" உடனே புதுச் சட்டம். யாரும் நம்பாத ஒரு பெயரை ஆளுக்கு ஒன்று தேசியப் பட்டியலில் எழுதலாம். சாதாரணப் பெயர் சரியாக வந்தால் ஒரு புள்ளி, தேசியப் பட்டியல் பெயர் வந்தால் மூன்று. ராத்தா அதற்கும் ஒப்புதல் கொடுத்தார். என்ன ஏதென்று புரிந்துதான் கொடுத்தாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

தோற்றவருக்குத் தண்டனை உண்டு. மறுநாள் தேங்காய்ப்பாலில் பாற்சோறு கிண்டி, தட்டில் வெட்டி வைத்து, நம் ஒழுங்கைச் சந்தில் வீடு வீடாகக் கொண்டுபோய், ஜெயித்தவரின் பெயரை உரக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்தத் தட்டை வருஷம் தவறாமல் தூக்கியது நீங்கள். நான் வேறு மாதிரி விளையாடுகிறவள். அங்கே நடிகர் சங்கக்காரர்கள் முதலில் ஒரு பட்டியல் விடுவார்கள், விமர்சகர்கள் ஒன்று விடுவார்கள், அவற்றையெல்லாம் பார்த்து ஒட்டி வெட்டித்தான் என் தாளை எழுதுவேன். நீங்களோ, "இந்த மனுஷன் அழுதா மூக்கு சிவக்குது, உண்மையா அழுறாரு, எழுது" என்பீர்கள். மூக்கு சிவந்தவர்கள் யாரும் வரவில்லை. நீங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு, "என் நாத்தனா மறுபடியும் ஜெயிச்சிட்டா, கண்ணு வைக்காம சாப்பிடுங்க" என்று ஒழுங்கை முழுக்கக் கத்திக்கொண்டு போவீர்கள். எனக்கு முன்னாலேயே, "ஒரே ஒரு தடவை உன்னைத் தட்டைத் தூக்க வைக்காம விட மாட்டேன்டி" என்று சபதமும் போடுவீர்கள்.

அப்புறம் உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, நீங்களே அதைப் பேச விட்டதில்லை. ஆனால் போன ஜனவரியில் என் கையைப் பிடித்து நிறுத்தி நீங்கள் சொன்னதை எழுதாமல் இருக்க முடியாது.

"எல்லாரும் எனக்கு ஆமாஞ்சாமி போடுறாங்க. கறியில உப்பு இல்லாட்டியும் உங்கண்ணன் நல்லாருக்குங்கிறாரு. ராத்தா கேரம்ல வேணும்னே தோக்குறாங்க. நீயாவது என்னோட ஒழுங்கா சண்டை போடு. பாவம் பாத்து விட்டுக்குடுத்தேன்னு தெரிஞ்சுது, செத்தாலும் உன்னோட பேச மாட்டேன்."

நான் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். மதினி, அந்த வருஷம் மாதிரி நான் எந்த வருஷமும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. பட்டியல் மேல் பட்டியலாகப் பார்த்தேன். மற்ற எல்லாப் பட்டியலிலும் இருந்த கணக்கப்பிள்ளையை நான் என் தாளிலிருந்து நீக்கிவிட்டேன், ஏன் தெரியுமா? முந்தின வருஷமும் அவர் பெயர் வந்திருந்தது, அடுத்தடுத்து இரண்டு வருஷம் அழைக்க மாட்டார்கள் என்று என் அதிபுத்தி சொன்னது. நீங்கள் அவரை எழுதினீர்கள். தேசியப் பட்டியலில், ஒரு ட்ரெய்லரில் கண் மூடித் திறப்பதற்குள் வந்து போன வயசான நடிகை ஒருத்தியை எழுதினீர்கள். "நம்ம தோட்டத்துல பிரசவம் பாக்குற மிட்வைஃப் அம்மா மாதிரியே இருக்கு, அந்தம்மா கை வச்சு எதுவும் தப்பாப் போனதில்ல" என்று காரணம் சொன்னீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ராத்தாவும் சிரித்தார்.

பெயர் வாசிக்கத் தொடங்கினதும் காற்றோடு மழை கிளம்பியது. வாசலில் கராம்பு மேல் மூடியிருந்த படங்கைக் காற்று தூக்க, "அல்லாவே, ஏன்ட கராம்பு!" என்று ஆணையாளர் கடமையை விட்டு ஓடினார். அண்ணனும் பின்னால் ஓடினார். ஜன்னல் கம்பியில் கட்டின போனுக்கு முன்னால் நாம் இரண்டு பேர் மட்டும். கணக்கப்பிள்ளையின் முகம் வந்தது. என் தாளில் அவர் இல்லை. சுருட்டைத்தலை வந்தாள், அவள் என் தாளில் இருந்தாள், மூச்சு வந்தது. நடிகைகளில் நாலு பேர் முடிந்து கடைசி முகம். மிட்வைஃப்!

நீங்கள் கத்தவில்லை. அதுதான் எனக்கு அதிசயம். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்தபடியே காலை ஆட்டினீர்கள், ஊஞ்சலில் ஏறின பிள்ளை மாதிரி. கடைசியில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். ராத்தா நனைந்துபோய் உள்ளே வந்து எண்ணினார், நான் மீள் எண்ணிக்கை கேட்டேன், மறுபடி எண்ணினார், அதே ஒரு புள்ளி. எனக்கா? பொய் எதற்கு, எரிச்சல். நல்ல எரிச்சல். கணக்கப்பிள்ளையை நீக்கின கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

மறுநாள் பாற்சோறு நான்தான் கிண்டினேன், அடி பிடித்துவிட்டது. நடக்க முடியாத உங்களை அண்ணன் ஒரு த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டார். வெட்டி மிஞ்சின ஜாக்கெட் துண்டுகளைக் கோத்து ஒரு மாலை கட்டிப் போட்டேன். ஜெயித்த எம்.பி மாதிரி இரு பக்கமும் கும்பிட்டுக்கொண்டு நீங்கள் முன்னால் போக, தட்டைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். "சத்தமா சொல்லு நாத்தனா, காது கேக்கல!" என்று திரும்பித் திரும்பி அதட்டினீர்கள். "மதினி ஜெயிச்சிட்டாங்க! மதினி ஜெயிச்சிட்டாங்க!" தொண்டை கட்டிப் போகும்வரை கத்தினேன். உங்களை நான் அவ்வளவு சந்தோஷமாக முன்னே பின்னே பார்த்ததில்லை. என்னை அவ்வளவு கடுப்பாக ஒழுங்கை பார்த்ததில்லை.

பிறகு மாத்தளை ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம், தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்த என்னை உற்றுப் பார்த்துக் கேட்டீர்கள். "உண்மையைச் சொல்லு. பாவம் பாத்தியா?" "மாதா மேல சத்தியமா இல்ல மதினி." "சத்தியம் பண்றவளை நம்பலாமா?" "அப்ப கணக்கப்பிள்ளையை நான் ஏன் நீக்கினேன்னு கேளுங்க" என்று ஒன்றுவிடாமல் விளக்கினேன். கேட்டுவிட்டு, "நீ இவ்வளவு மடச்சியா இருப்பேன்னு நான் நினைக்கல" என்று சிரித்தீர்கள். நம்பிச் சிரித்தீர்களா, நம்பாமல் சிரித்தீர்களா? கேட்காமல் விட்டுவிட்டேன்.

உங்களுடைய முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. பருப்புக் கறியை நான்தான் பரிமாறிக்கொண்டிருந்தேன். ராத்தா எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இந்தப் புள்ளட மனசு யாருக்கு வரும்? போற சீவனுக்கு ஒரு சந்தோஷம் குடுக்கணுமுன்டு வேணும்டே தோத்தாளே. அல்லா கூலி தருவான்." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அண்ணனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, எனக்கும் தெரியும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! கரண்டியைச் சட்டிக்குள் போட்டேன். "யார் விட்டுக்குடுத்தா? நான் முட்டி மோதித் தோத்தேன். அவங்க என்னை அடிச்சு ஜெயிச்சாங்க!" என்று கத்தினேன். கணக்கப்பிள்ளை கதையை முதலிலிருந்து சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் இன்னும் இளகியது. "பாத்தீங்களா, இப்பவும் ஒத்துக்க மாட்டேங்கிறா. எவ்வளவு பெரிய மனசு" என்றார்கள். செய்யாத புண்ணியத்தை என் தலையில் கட்டிவிட்டு, நீங்கள் ஜெயித்த ஒரே ஒரு ஜெயிப்பை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு நான் அழுததெல்லாம் நீங்கள் போனதற்காக என்று நினைத்தார்கள். பாதி இதற்காக.

இந்த ஜனவரி விளையாட்டே வேண்டாம் என்றுதான் இருந்தேன். அண்ணன் தான் ஓட்டுகிற மாத்தளை பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், "எனக்கும் ஒரு தாள் குடு" என்றார். இத்தனை வருஷமும் நம்மைப் பைத்தியங்கள் என்ற மனுஷன்! ஒரு வாரமாக என் போனை வாங்கி ட்ரெய்லர் பார்த்தார். அவர் தெரிவு செய்கிற முறையைக் கேட்டால் நீங்கள் உருண்டு புரண்டு சிரிப்பீர்கள். "இந்த ஆள் பஸ் ஹோல்ட்ல நின்னு கை காட்டினா நான் பஸ்ஸை நிப்பாட்டுவேனா? நிப்பாட்டுவேன்னா எழுது." கங்காணிக்கு நிறுத்த மாட்டாராம், மிச்சக் காசுக்குச் சண்டை பிடிக்கிற முகமாம். நீங்கள் போன பிறகு அண்ணன் அவ்வளவு பேசி நான் கேட்டது அந்த வாரந்தான்.

பெட்டியில் தாள் போடுகிற அன்று ராத்தா வட்டிலப்பத்தோடு வந்து என்னைக் குசினிக்குள் இழுத்தார். "புள்ள, மதினிக்குச் செஞ்ச மாதிரி ஒன்ட நானாவுக்கும் செஞ்சிரு. மனுஷன் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு." எனக்கு ஒரு நிமிஷம் மனசு ஆடியது. அண்ணன் முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆடாது? ஆனால் இப்போது விட்டுக்கொடுத்தால், அப்போதும் விட்டுக்கொடுத்தேன் என்றாகிவிடும். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் என் தாளை எழுதினேன். யோசித்து, வெட்டி, திருத்தி, ஈவு இரக்கமில்லாமல் எழுதினேன்.

அடித்து நொறுக்கிவிட்டேன், மதினி. அண்ணன் பஸ்ஸை நிறுத்தின ஆட்களில் முக்கால்வாசிப் பேர் வரவே இல்லை. கை காட்டியும் அவர் ஏற்றாமல் விட்ட கங்காணி வந்துவிட்டார். புள்ளியை வாசித்த ராத்தா என்னை முறைத்த முறைப்பில் பால் திரிந்துபோயிருக்கும். "தோத்தவங்க பாற்சோறு கிண்டணும்" என்றேன். "நாளைக்கா? முத பஸ் இருக்கே" என்றார் அண்ணன். "அப்ப விடியுமுன்ன எழும்பிக் கிண்டுங்க" என்றேன்.

கிண்டினார். அகப்பையைப் பிடிக்கத் தெரியாமல், ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிண்டினார். நான் பலகையில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினேன்.

"இவ்வளவு கேவலமாவா தோத்தேன்?"

"ஆமா."

"பொண்டாட்டி செத்தவன்னுகூட பாவம் பாக்கலையே நீ."

"பாக்கல."

அகப்பை நின்றது. அண்ணன் என் பக்கம் திரும்பாமல், அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். தேங்காய்ப்பால் பொங்கி வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"அப்ப அவளுக்கும் பாத்திருக்க மாட்ட" என்றார்.

"அதைத்தானே நான் தொண்டை கிழியக் கத்தினேன்!"

அவர் தோளெல்லாம் குலுங்கியது. அழுகிறாரோ என்று எழும்பிப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் வந்தது, ஆனால் சிரிப்புத்தான் முதலில் வந்தது. "உன்னை ஜெயிச்சிட்டாளா? அவ? நெசமாவா?" என்று கேட்டுக்கேட்டுச் சிரித்தார். பிறகு பாதி வெந்ததும் வேகாததுமாகத் தட்டில் கொட்டி, அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். சட்டப்படி அவர் என் பெயரைத்தான் சொல்ல வேண்டும். ராத்தாவின் கதவைத் தட்டி, அந்த விடியற்காலையில் ஒழுங்கையே எழும்புகிற மாதிரிக் கத்தினார்:

"ராத்தா! போன வருஷம் என் பொண்டாட்டி ஜெயிச்சது நெசந்தான்! ஒருத்தரும் விட்டுக்குடுக்கல!"

வீடு வீடாக அதையேதான் சொன்னார். நான் ஜெயித்ததை ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை.

ஆக, மதினி, ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு மறுபடியும் பதில் சொல்கிறேன். இனி உங்களைத் தேற்றுவதற்காக நான் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, அதனால் இந்த முறை நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும். என் முழு மூச்சையும் பிடித்து விளையாடி, உங்களிடம் தோற்றேன். அந்தத் தோல்வியை யார் வந்து புண்ணியம் என்று பேர் மாற்றினாலும் நான் கொடுக்க மாட்டேன். அது நீங்கள் எனக்குக் கொடுத்தது.

உங்கள்
நாத்தனா